அசையாமையை எண்ணுதல்

ஒரு எலி அசையாமல் நிற்கிறது. அது பயப்படுகிறது என்று சொல்கிறோம். நேற்று நடந்ததை ஞாபகம் வைத்திருக்கிறது என்றும் சொல்கிறோம். கண்ணுக்கு ஸ்தூலமாகத் தெரிவது அசையாமை மட்டும்தான். அதிலிருந்து பயத்துக்கு ஒரு தாவல். பயத்திலிருந்து ஞாபகத்துக்கு இன்னொரு தாவல். இந்த இரண்டு தாவல்களையும் செய்கிறவன் யார், அவன் எதற்குப் பொறுப்பு என்பதே இங்கே என் கேள்வி. எலியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஓர் அசைவை, ஓர் அசையாமையை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்பது எழுதுகிறவனின் பிரச்னையும்தான்.

முதலில் விஷயம். கூண்டு ஒன்றில் எலியை விடுகிறார்கள். கூண்டின் தரை உலோகக் கம்பிகளாலானது. ஓர் ஓசை கேட்கிறது. அது முடியும் தறுவாயில் கம்பிகளில் மின்சாரம் பாய்கிறது. இப்படிச் சில தடவை. மறுநாள் வேறொரு கூண்டில் விட்டு, மின்சாரம் இல்லாமல் ஓசையை மட்டும் எழுப்புகிறார்கள். எலி உறைந்துவிடுகிறது. மூச்சு விடத் தேவையான அசைவைத் தவிர வேறெந்த அசைவும் இல்லாதிருத்தல், இதுதான் 'உறைதல்' என்பதற்கு இத்துறையில் வழங்கும் இலக்கணம். ஓசை கேட்ட நேரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு எலி உறைந்திருந்தது என்று கணக்கிட்டு, அந்த எண்ணை ஞாபகத்தின் அளவு என்று கொள்கிறார்கள்.

இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. மூளையில் அமிக்டலா என்ற பகுதிக்கும் பயத்துக்கும் உள்ள சம்பந்தம் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி இந்த எண்ணிலிருந்து வந்தது. நம் பக்கத்திலேயே, பெங்களூரில் தேசிய உயிரியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியும் அவரோடு வேலை செய்தவர்களும் 2002இல் ஒன்றைக் காட்டினார்கள். நாள்தோறும் சில மணி நேரம் அசைய முடியாதபடி அடைக்கப்பட்ட எலியின் ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன. அமிக்டலாவிலோ கிளைகள் வளர்கின்றன. இடத்தையும் நிகழ்ச்சியையும் ஞாபகம் வைக்கும் பகுதி தேய, பயத்தின் பகுதி செழிக்கிறது. துன்பப்பட்ட மனிதர்களைப் பற்றி நாம் எழுதுவதையெல்லாம் இந்த ஒரு உண்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், நாம் ஊகித்துக்கொண்டிருந்த ஒன்றை அவர்கள் கண்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. ஆகவே என் கேள்வி ஆராய்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. பார்ப்பதைப் பற்றியது.

2003இல் நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாபகசக்திக்கு நல்லது என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் துவையலாகக் கொடுத்துவந்த ஒரு கீரையின் சாறு, எலிகளின் ஞாபகத்தைக் கூட்டுகிறதா என்பது ஆராய்ச்சி. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் நல்ல முன்னோடி உண்டு. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நீர்ப்பிரமியை எலிகளுக்குக் கொடுத்து, மின் அதிர்ச்சியைத் தவிர்க்க அவை எவ்வளவு விரைவில் கற்கின்றன என்று சோதித்து, சிங்கும் தவனும் 1982இல் எழுதினார்கள். எங்கள் கூடத்தில் அளவு வேறு. நாங்கள் உறைதலை அளந்தோம். அளப்பது என்றால் ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு எலியைப் பார்ப்பது. உறைந்தால் அழுத்து, அசைந்தால் விடு. எட்டு நிமிஷம், ஒரு எலி. பிறகு அடுத்த எலி.

எந்த எலி சாறு குடித்தது, எது வெறும் தண்ணீர் குடித்தது என்பது பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்பது விதி. கூண்டுகளில் எண் மட்டும் இருக்கும். ஆனால் காலையில் சாறு ஊட்டியதும் நான்தான். வாயோரம் லேசான பச்சைக் கறை இருக்கும். நான் கறையைத் தேடவில்லை. கறை என் கண்ணில் பட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். பச்சைக் கறையுள்ள எலி சற்றே தலையைத் திருப்பினால் அது மூச்சின் அசைவு என்று என் கட்டைவிரல் தீர்மானித்தது. கறையில்லாத எலி மீசையை ஆட்டினால் அது அசைவு. நான் பொய் சொல்லவில்லை. என் பிரக்ஞைக்கு எட்டியவரையில் நான் நேர்மையாகவே அழுத்தினேன். விரலுக்குத் தனியாக ஒரு ஆசை இருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1963இல் ராபர்ட் ரோஸந்தாலும் ஃபோடும் 12 மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து எலிகள் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் இவை புத்திசாலி எலிகளின் வம்சம் என்றும், மீதிப் பேரிடம் இவை மந்த வம்சம் என்றும் சொன்னார்கள். எல்லாம் ஒரே ரக எலிகள்தான். புத்திசாலி எலிகள் என்று நம்பியவர்களின் எலிகள் நன்றாகக் கற்றன. மாணவர்கள் ஏமாற்றவில்லை. நம்பிக்கை கைவழியே எலிக்குள் போயிருக்கலாம், அல்லது கண்வழியே குறிப்பேட்டுக்குள் போயிருக்கலாம். இதைப் படித்தபோது எனக்கு இலக்கிய விமர்சனம்தான் ஞாபகம் வந்தது. பெரிய கவிஞன் என்று முன்பே சொல்லித் தந்துவிட்ட பெயரின் கீழ் வரும் தடுமாற்றம் நமக்கு மௌனமாகத் தெரிகிறது. பெயர் தெரியாதவனின் மௌனம் தடுமாற்றமாகத் தெரிகிறது.

எங்கள் கூடத்துக்குப் பிறகு கேமரா வந்தது. கூண்டுக்கு மேலே அது தொங்கும். ஒரு விநாடியின் படத்துக்கும் அடுத்த கணத்தின் படத்துக்கும் இடையில் எத்தனை புள்ளிகள் மாறின என்று கம்ப்யூட்டர் எண்ணும். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனால் உறைதல். அதற்குப் பச்சைக் கறை தெரியாது. தெரிந்தாலும் அதற்கு ஆசையில்லை. கேமரா எண்ணத் தொடங்கியதும் சாற்றின் மகிமை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி என் கட்டைவிரலில் இருந்திருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது, கூடவே ஒரு விடுதலையும் இருந்தது. ஆகவே யந்திரத்துக்கு எதிராக மனிதக் கண்ணின் புனிதத்தைப் பேச என்னால் முடியாது. என் கண் எப்படிப்பட்டது என்று எனக்கு நிரூபித்துக் காட்டியது யந்திரம்தான்.

இந்த யந்திரத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1901இல் அமெரிக்காவில் வில்லார்ட் ஸ்மால், இங்கிலாந்தின் ஹாம்ப்டன் அரண்மனைத் தோட்டத்துப் புதிர்வழியை மரத்திலும் கம்பிவலையிலும் சின்னதாகச் செய்து அதற்குள் எலியை விட்டபோது, உட்கார்ந்து பார்த்து எழுதினார். எலி தயங்கியது, திரும்பியது என்று பக்கம் பக்கமாக வர்ணனை. 1930களில் ஸ்கின்னர் அந்த வர்ணனையை ஒழித்தார். எலி நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் பேனா ஒரு படி ஏறும். நகரும் தாளில் கோடு விழும். பார்க்க ஆள் தேவையில்லை. ஸ்கின்னரே 1956இல் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் உணவு உருண்டை விழும் கருவி அடைத்துக்கொண்டது. எலி அழுத்திக்கொண்டே இருந்தது, எதுவும் விழவில்லை, மெல்ல மெல்ல அழுத்துவதை நிறுத்தியது. அப்போது அவர் அங்கே இல்லை. திரும்பிவந்து தாளைப் பார்த்தபோது அழகான வளைகோடு கிடைத்ததாகச் சொல்கிறார். கற்றது அழிந்துபோவதை யந்திரம் எழுதிய கோடு அது. அந்த அழகை நான் மறுக்கவில்லை. காலித் தட்டின் முன் ஒரு பிராணி நம்பிக்கை இழந்துகொண்டிருந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை என்பதையும் அந்தக் கோட்டோடு சேர்த்தே படிக்கத் தோன்றுகிறது.

நம்பிக்கை என்று எழுதிவிட்டேன். இதோ நானும் தாவிவிட்டேன். ஸ்கின்னர் இந்தத் தாவலுக்குத்தான் பயந்தார். எலிக்கு நம்பிக்கை இருந்தது என்று சொல்ல உனக்கு என்ன ஆதாரம், அழுத்தியது, நிறுத்தியது, அதைச் சொல் என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியில் ஒரு கடுமையான நேர்மை இருக்கிறது. கோணல் எங்கே வருகிறதென்றால், பின்னால் வந்தவர்கள் ஸ்கின்னரின் யந்திரத்தை வைத்துக்கொண்டு, அவர் தடை செய்த வார்த்தைகளைத் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்கள். யந்திரம் எண்ணுவது புள்ளிகளை. கட்டுரையின் தலைப்பில் இருப்பது பயம், ஞாபகம். இடையிலுள்ள தாவலை யார் செய்தது என்று கேட்டால், யந்திரம் அளந்தது என்று பதில் வருகிறது.

யந்திரம் அந்தத் தாவலை எங்கிருந்து கற்றது என்று பார்ப்பது சுவாரஸ்யமானது. எத்தனை புள்ளிகள் மாறினால் அசைவு என்ற எல்லையை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? பயிற்சியுள்ள மனிதன் ஒருவன் அதே எலியைப் பார்த்துச் சொன்ன கணக்கோடு யந்திரத்தின் கணக்கு ஒத்துப்போகும் வரை எல்லையை நகர்த்துகிறார்கள். 2000ஆம் ஆண்டில் இம்முறையை விவரித்த ஆராய்ச்சியாளர்களும் மனிதக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் தங்கள் கருவியின் யோக்யதையை நிலைநாட்டினார்கள். 2018இல் வந்த டீப்லேப்கட் என்ற மென்பொருளும் அப்படியே. ஒரு மனிதன் இருநூறு படங்களில் மூக்கு இங்கே, காது இங்கே, வால் இங்கே என்று புள்ளி வைத்துத் தந்தால் போதும். மீதி லட்சம் படங்களில் அது தானே வைத்துக்கொள்ளும். ஆக, யந்திரத்தின் உள்ளே எப்போதோ பார்த்த ஒரு மனிதக் கண் இருக்கிறது. அது இப்போது பார்ப்பதில்லை. முன்பு பார்த்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

முன்பு பார்க்காத ஒன்றை எலி செய்தால்? 2015இல் ரெபேக்கா ஷான்ஸ்கியின் கூடத்திலிருந்து வந்த ஆராய்ச்சி இதற்கு நேரடிப் பதில். ஓசை கேட்டதும் சில எலிகள் உறைவதற்குப் பதிலாகக் கூண்டின் குறுக்கே விருட்டென்று பாய்கின்றன. பெண் எலிகளில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட இப்படிப் பாய்ந்தன. ஆண் எலிகளில் பத்தில் ஒன்றுதான். பாய்வதும் கற்றதன் விளைவே. ஓசைக்கு அர்த்தம் தெரிந்ததால்தான் பாய்கிறது. ஆனால் உறைதலை மட்டும் எண்ணும் கணக்கில் பாய்ந்த எலி மறந்துபோன எலி. அத்துறையில் வெகுகாலம் பெரும்பாலும் ஆண் எலிகளையே வைத்துச் சோதித்தார்கள். உறைதல் என்ற இலக்கணம் அந்த எலிகளைப் பார்த்து எழுதியது. சின்னக் கூண்டுக்குள் நடந்த இந்த விஷயத்தைப் பெண் எழுத்தைப் பற்றி நம் விமர்சகர்கள் வைத்திருந்த அளவுகோல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை வாசகர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. 1981இல் ரிச்சர்ட் மாரிஸ், கலங்கிய நீர் நிரப்பிய வட்டத் தொட்டியொன்றில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மேடையை ஒளித்துவைத்து எலியை நீந்த விட்டார். மேடை இருந்த இடத்தை நினைவில் வைத்து எவ்வளவு சீக்கிரம் எலி அங்கே ஏறுகிறது என்பது ஞாபகத்தின் அளவு. மேலே கேமரா பாதையை வரையும். 1990களின் இறுதியில் ஸூரிச்சில் லிப்பும் வோல்ஃபரும் இப்படி நீந்திய ஏராளமான சுண்டெலிகளின் பாதைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒன்றுக்கொன்று தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ஞாபகத்தைச் சேர்ந்ததே அல்ல. சில சுண்டெலிகள் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வருகின்றன. சில, நீந்தாமல் மிதக்கின்றன. மேடைக்கு வர நேரமாகிறது. கணக்கு அதை மறதி என்று பதிகிறது. மிதக்கிற சுண்டெலி இடத்தை மறந்துவிட்டதா, அல்லது அதற்கு அந்த மேடை வேண்டியிருக்கவில்லையா? இந்தக் கேள்வியை யந்திரம் கேட்காது. தொட்டியின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அது ஒரு வேளை தோன்றலாம். தோன்றியே தீரும் என்றும் சொல்லமாட்டேன்.

நம் மொழியில் அசையாமைக்கு எத்தனை வார்த்தைகள். உறைந்தான், விறைத்தான், ஸ்தம்பித்தான், பதுங்கினான், அடங்கினான், சுருண்டான், அயர்ந்தான், மலைத்தான், சமைந்தான், ஓய்ந்தான். பதுங்கினவன் பாய இருக்கிறான். அயர்ந்தவன் தூங்கப் போகிறான். ஓய்ந்தவன் இனி எழமாட்டான். ஸ்டாப்வாட்சுக்கும் கேமராவுக்கும் இவை எல்லாம் ஒன்றே. என் கீரைச் சாற்றுக்குத் தூக்கம் வரவழைக்கும் குணமும் இருந்தால்? சாறு குடித்த எலி அயர்ந்து உட்கார்ந்திருக்கும். அளவில் அதன் ஞாபகசக்தி கூடியிருக்கும். இதற்கென்று தனிச் சோதனைகள் உண்டு, நாங்களும் செய்தோம் என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சோதனையைச் செய்யவேண்டும் என்ற சந்தேகம் முதலில் ஒரு ஆளுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது. அசைவின்மையில் பத்து வகை உண்டு என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்.

நான் ஆரம்பாக்கத்துக்காரன். சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் எங்கள் ஊர். அடுத்தது தடா, ஆந்திரம். ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் வாங்கிய பின் அந்தத் தொழிலில் இருக்கவில்லை, ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே அறுவடை முடிந்த வயல்களில் இருளர்கள் எலி பிடிக்க வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தபின் வேறு மாதிரிப் பார்த்தேன். எங்கள் வரப்பில் ஒரு பெரியவர் குந்தி உட்கார்ந்து, மண்ணால் அடைத்திருந்த ஒரு வளை வாயை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே இருக்கா, பெரியவரே?" என்றேன்.

"இருக்குது சார். விடியக்காலம் அடைச்ச மண்ணு. ஈரம் காயல பாருங்க."

பிறகு எழுந்து நாலைந்து அடி தள்ளி, எனக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் புல்லை விலக்கினார். அங்கே இன்னொரு வாய். "புகை போட்டா இப்படித்தான் ஓடும்" என்று ஒரு கல்லை வைத்து அடைத்தார். புகை போட்டு, மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே போனதில், வளையில் கொஞ்சம் நெற்கதிர் இருந்தது, எலி இல்லை. பெரியவர் சிரித்தார். "ஏமாத்திடுச்சு சார்" என்றார். அடுத்த வரப்புக்குப் போய்விட்டார்.

ஏமாற்றிவிட்டது என்ற அந்த வார்த்தையை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஆதிவாசி ஞானம் என்று இதை ஏற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அவர் பிடிக்கிறார், கொல்கிறார், சாப்பிடுகிறார். எலியிடம் அவருக்குக் கருணை ஒன்றுமில்லை. கருவியின் விஷயத்திலும் அப்படித்தான். முன்பு ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதி வளைக்குள் புகை விடுவார்கள். கையும் உதடும் வேகும், நெஞ்சு புகையால் நிரம்பும். 2000களில் கையால் சுற்றும் இரும்புப் புகையூதிகள் இருளர்களில் பலருக்குக் கிடைத்தன. வாயால் ஊதியதில் ஒரு நேரடி அனுபவம் இருந்ததே என்று அவர்களிடம் யாராவது வருத்தப்பட்டால் சிரிப்பார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. அவர் கணிப்புத் தப்பினால் அன்றைக்குக் கூலியும் கறியும் போயிற்று. பிழை அவர் வயிற்றில் விழுகிறது. ஆகவே எலி தன்னைப் பொய்யாக்கும் என்பதை ஒவ்வொரு வளையிலும் எதிர்பார்த்தே அவர் குனிகிறார். எங்கள் கூடத்தில் எந்த எலியும் எங்களை ஏமாற்றியதில்லை. கணக்குக்குப் பொருந்தாத எலி 'விலகிய மதிப்பு' ஆகும். பொருந்துகிற எலியை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

இங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கும்மிடிப்பூண்டி சிப்காட். என் அத்தை மகன் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் வேலைமேடைக்கு மேலே கேமரா வைத்திருக்கிறார்கள். கை அசையாத விநாடிகளை அது கூட்டிவைக்கிறதாம். "பாகத்தைக் கையில வச்சு விரிசல் இருக்கான்னு பார்க்கிற நேரமெல்லாம் சும்மா நின்ன கணக்குல போவுது, மச்சான்" என்றான். எலிக்கு அசையாமை ஞாபகம். அவனுக்கு அசையாமை சோம்பல். எண்ணும் முறை ஒன்றுதான். பெயரை முன்கூட்டியே ஒருவர் வைத்துவிட்டார், அவர் மேடைக்குப் பக்கத்தில் வருவதில்லை.

எதிர்வாதம் உண்டு, அதை ஏய்த்துவிட்டுப் போக முடியாது. மனிதன் இல்லாமலிருப்பதே பிராணிக்கு நல்லது என்ற சந்தர்ப்பங்கள் உண்டு. ஆண்களின் வாசனையே எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கடும் அழுத்தத்தைத் தருகிறது, அந்த அழுத்தத்தில் வலியின் குறிகள் மறைகின்றன என்று 2014இல் காட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததாக நினைத்ததெல்லாம் என்னைக் கண்ட எலியைத்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தைக்கென்று துறையை உருவாக்கிய எம்.கே. சந்திரசேகரனின் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வயல் சுண்டெலியைத் தொடர்ந்த இருளில் ஒரு சக்கரத்தோடு விட்டு, அது ஓடும் நேரங்களை நாள் கணக்கில், வாரக் கணக்கில் கருவியே பதிவு செய்தது. வெளியுலகின் பகலும் இரவும் தெரியாமலே சுண்டெலி தன் உள்ளிருக்கும் கடிகாரப்படி எழுந்து ஓடியது. அங்கே மனிதன் விளக்கோடு எட்டிப் பார்த்தால் அந்தக் கடிகாரமே நகர்ந்துவிடும். பார்க்காமலிருப்பது அங்கே ஒழுக்கம். ஆனால் கவனியுங்கள், அந்தச் சக்கரத்திடம் எப்போது ஓடியது என்பதைத்தான் கேட்டார்கள். ஏன் ஓடியது, ஓடும்போது அதற்கு என்ன ஞாபகம் என்று கேட்டு, கோட்டின் வாயில் பதிலைத் திணிக்கவில்லை. யந்திரத்திடம் அதற்குத் தெரிந்ததை மட்டும் கேட்பது ஒரு நேர்மை. தெரியாததைக் கேட்டு, அது சொன்னதாக எழுதுவதுதான் பிசகு.

இன்னொரு வாதம்: பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் எலி தப்பித்துவிடுமா? இல்லை. நான் பார்த்த எலிகளும் சோதனை முடிந்து கொல்லப்பட்டன. பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 1960இலிருந்து இருக்கிறது. பரிசோதனைகளுக்கான விதிகள் 1998இல் வந்தன. ஒவ்வொரு நிலையத்திலும் ஒழுக்கக் குழு உண்டு, விஞ்ஞானியல்லாத ஒருவரும் அதில் உட்காரவேண்டும். இவை எல்லாம் நல்லவை. குழுவின் முன் காகிதம் வருகிறது, காகிதத்தில் எண் வருகிறது. எண்ணுக்குப் பின்னால் யாராவது எலியைப் பார்த்தார்களா என்பது காகிதத்தில் வராமலே போகலாம்.

இனி, இவ்வளவையும் எழுதவைத்த விஷயம். கேமரா வந்த பிறகு ஒரு நாள், சாறு குடித்த தொகுதியில் ஒரு எலி காலையிலிருந்தே சரியில்லை. மயிர் சிலிர்த்திருந்தது. கண்ணோரம், மூக்கோரம் செந்நிறக் கசிவு. எலி உடம்பு நலிந்திருப்பதற்கு அடையாளம் அது. முதுகைக் கூனிக்கொண்டு கூண்டின் மூலையில் இருந்தது. நான் பழக்கத்தின் காரணமாகக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன், என் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பென்சிலால் 'சரியில்லை' என்று எழுதினேன். பிறகு அதைச் சோதனைக் கூண்டில் வைத்தேன். ஓசை எழும்பியது. எலி அசையவில்லை. ஓசை நின்றது, அப்போதும் அசையவில்லை. கேமரா நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கொடுத்தது. அந்தத் தொகுதியிலேயே மிக நல்ல ஞாபகம் அதற்கு. மறுநாள் காலை அது செத்திருந்தது.

தொகுதிக்கு எட்டு எலிகள்தான். அந்த ஒரு எண்ணை எடுத்துவிட்டால் வித்தியாசம் தேறாது என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே கூட்டிப் பார்த்துவிட்டேன். வழிகாட்டியிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. அப்போது எனக்குள் ஓடிய தர்க்கம் இன்னும் வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது: நான் எண்ணவில்லை, கேமரா எண்ணியது, என் கட்டைவிரலின் ஆசையை ஒழிக்கத்தானே கேமராவைக் கொண்டுவந்தோம், இப்போது நான் குறுக்கே புகுந்து ஒரு எண்ணை நீக்கினால் திரும்பவும் பட்சபாதம் ஆகாதா. மிகவும் ஒழுங்கான தர்க்கம். முதல் தடவை என் பட்சபாதத்திலிருந்து யந்திரம் எலியைக் காப்பாற்றியது. இரண்டாம் தடவை என் பொறுப்பிலிருந்து என்னைக் காப்பாற்றியது. இரண்டையும் செய்தது ஒரே கேமரா. அது மாறவில்லை, நான் அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆகவே யந்திரம் பார்க்குமா பார்க்காதா என்ற கேள்வியில் எனக்கு இப்போது அக்கறை குறைந்துவிட்டது. இன்னும் நுட்பமான யந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சிலிர்த்த மயிரையும் கூனிய முதுகையும்கூட எண்ணக் கற்றுக்கொள்ளும். நல்லதுதான். நான் கேட்பது சின்ன விஷயம். ஞாபகம், பயம் என்ற வார்த்தைகளை எழுதுகிறவன், அந்த எண் எந்த எலியிலிருந்து வந்ததோ அந்த எலியைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும், எண்ணோடு பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும். கணக்கை யந்திரம் வைத்துக்கொள்ளட்டும். பெயரை வைக்கிறவன் தன் பெயரைச் சொல்லி வைக்கட்டும்.

குறிப்பேடு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஓடு ஒழுகியபோது எடுத்துப் பார்த்தேன். மை எழுத்துகள் சில பக்கங்களில் பரவிவிட்டன. பென்சிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.